மாநாட்டுக்கு வருகிறவர்களுக்கு எந்த மதுரையைக் காட்டுகிறோம்?

மதுரையில் நடக்கும் மாநாடுகளின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டாம் நாள் பிற்பகலில் ஒரு வரி இருக்கும்: மதிய உணவுக்குப் பின், இரண்டு மணிக்கு, ‘ஊர் சுற்றிப் பார்த்தல்’. கூடுகிறவர்கள் கண் மருத்துவர்களானாலும், கல்வெட்டு ஆய்வாளர்களானாலும், வங்கி அதிகாரிகளானாலும் அந்த வரி மாறுவதில்லை. விடுதி வாசலில் குளிரூட்டிய பேருந்து வந்து நிற்கும். இரண்டரை மணிக்குக் கோயில் பக்கம் இறக்கிவிடுவார்கள். மீனாட்சியம்மன் கோயிலில் பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த வெயிலில் சித்திரை வீதியின் கல்தளத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. விருந்தினர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, வழிகாட்டி அழைத்துப்போகிற கடைக்குள் நுழைவார்கள். அங்கே ஒரு மணி நேரம், திருமலை நாயக்கர் மகாலில் அரை மணி நேரம். ஐந்தரைக்கெல்லாம் விடுதி. மதுரை முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வருகிற வேளையில், அதைப் பார்க்க வந்தவர்கள் விடுதிக் கூடத்தில் பனீர் பட்டர் மசாலாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

இதை மாநாட்டுக் குழுவின் சில்லறை ஏற்பாடு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. விடுமுறைக்கு வருகிற சுற்றுலாப் பயணி தானே படித்து, தானே திட்டம் போட்டு வருகிறார். மாநாட்டுக்கு வருகிறவர் நம்மை நம்பி வருகிறார். அவருடைய மூன்று நாளும் நம் கையில் இருக்கிறது. தன் துறைக்காக வந்தவருக்கு ஊரின்மீது பிரியம் வரவேண்டுமென்றால், அது அந்த ஓய்வு நேரத்தில்தான் நடக்கவேண்டும். திரும்பிப் போனபின் பத்துப் பேரிடம் பேசக்கூடியவர்கள், வகுப்பில் ஐம்பது மாணவர்களுக்குச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மூடிய கோயிலையும் வெயிலையும் காட்டி அனுப்புகிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மதுரையில் மாநாடு நடத்துகிறவர்கள் நிகழ்ச்சி நிரலை ஊரின் பொழுதுக்கு ஏற்ப அமைக்கவேண்டும். இந்த ஊர் விடியலுக்கும் இரவுக்கும் உரியது. பிற்பகலை அரங்கத்துக்குக் கொடுங்கள். காலையையும் மாலையையும் விருந்தினருக்குக் கொடுங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மை இல்லை. மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகள் கொண்டது. அதில் மதுரை இடம் இடமாக வருவதைவிடப் பொழுது பொழுதாக வருகிறது. பகலில் கூடும் நாளங்காடி, மாலையில் கூடும் அல்லங்காடி, அதன்பின் முதல் சாமம், இரண்டாம் சாமம், காவலர்கள் உறங்காமல் திரியும் மூன்றாம் சாமம், கடைசியாக விடியல். ஒரு நகரத்தைச் சொல்ல வந்த புலவர் அதன் கடிகாரத்தையே பாட்டின் அமைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இரவுக் கடைவீதிக்கென்று தனிப்பெயர் வைத்திருந்த ஊரை இரவில் காட்டாமல் அனுப்புவது எவ்வளவு பெரிய இழப்பு என்று அந்தப் பாட்டைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் கோயில். மாலை ஐந்து மணிக்குமேல் கிழக்குப் பக்கமாக உள்ளே போகிறவர் காண்பது வேறு கோயில். பூக்காரர்கள், வளையல்காரர்கள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிற அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். வெள்ளிக்கிழமையானால் ஊஞ்சல் மண்டபத்தில் அம்மனுக்கும் சுவாமிக்கும் ஊஞ்சல். இரவு ஒன்பதைத் தாண்டினால் பள்ளியறை பூஜை: சொக்கநாதர் சந்நிதியிலிருந்து சுவாமியின் பாதம் பல்லக்கில் புறப்பட்டு, மேளமும் தீவட்டியும் புகையுமாக, அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்கு வருகிறது. ஒவ்வோர் இரவும் நடக்கிறது. கட்டணம் கட்டிப் பார்க்கிற காட்சி இல்லை. ஊர்க்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கிற சடங்கு. இதை நாற்பது பேர் கொண்ட கூட்டமாகப் போய் மறித்துக்கொண்டு நிற்கக்கூடாது. ஐந்தாறு பேராகப் போகவேண்டும், ஓரமாக நிற்கவேண்டும். அப்படிப் போய் நின்ற வெளியூர்க்காரர்கள் மறுநாள் காலை அரங்கத்தில் வேறு எதைப் பற்றியும் பேசாததை நான் பார்த்திருக்கிறேன்.

இங்கே ஏற்பாட்டாளர்கள் செய்யத் தவறுகிற ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும். இந்துக்கள் அல்லாதவர்கள் சந்நிதிக்குள், கொடிமரத்தைத் தாண்டிப் போக முடியாது. பிராகாரங்களிலும் குளக்கரையிலும் நடக்கலாம். ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்க்கலாம். பெயர்தான் ஆயிரங்கால், இருப்பவை 985 தூண்கள். அவற்றைப் பார்க்கவே அரை நாள் வேண்டும். 2018 பிப்ரவரி 2-ம் தேதி இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கைப்பேசி உள்ளே கொண்டுபோகத் தடை வந்தது. அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடைக்கும் அனுமதி இல்லை. இவற்றையெல்லாம் கோபுர வாசலில் காவலர் சொல்லித்தான் விருந்தினர் தெரிந்துகொள்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியரை, அதுவும் வயதானவரை, கூட்டத்துக்கு நடுவே நிறுத்தி “நீங்கள் இதற்குமேல் போகக்கூடாது” என்று சொல்லும்படி விடுவது விருந்தோம்பல் ஆகாது. பதிவுப் படிவத்தோடு அனுப்பும் தாளில் நான்கு வரி எழுதினால் போதும். எதுவரை போகலாம், எதை உடுத்தலாம், எதை அறையில் வைத்துவிட்டு வரலாம் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு அவமானம் இருக்காது. போக முடிகிற இடத்தை நிதானமாகப் பார்ப்பார்.

கோயிலைச் சுற்றியிருக்கும் வீதிகள் அடுத்து. ஆடி வீதி மதிலுக்குள்ளே. வெளியே சித்திரை, அதைச் சுற்றி ஆவணி மூலம், அதைச் சுற்றி மாசி, கடைசியாக வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரமாக, மாதப் பெயர் தாங்கிய வீதிகள். சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில் என்று கேள்விப்பட்டதும் ஆச்சரியப்படாத வெளியூர்க்காரர் இல்லை. சித்திரை வீதிகளில் வாகனங்கள் வருவதில்லை. ஆறு மணிக்குமேல் கல் குளிர்ந்துவிடும். சுற்றி வர முக்கால் மணி நேரம். சித்திரை வீதியிலிருந்து மாசி வீதிவரை நடந்தாலே இந்த நகரம் எப்படிக் கட்டப்பட்டது என்பது கால்களுக்குப் புரிந்துவிடும்.

வெளி வீதியின் கதையைச் சொல்ல மட்டும் ஒரு வழிகாட்டி வேண்டும். நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவர் அங்கேதான் இருந்தது. ஊர் நெருக்கடி தாங்காமல் போனபோது, பிளாக்பர்ன் என்ற ஆட்சியர் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முடிவெடுத்தார். இடிக்க முன்வருகிறவர்களுக்கு அந்த இடமே சொந்தம் என்று அறிவித்ததாகச் சொல்கிறார்கள். அளந்து கொடுத்த அளவையாளர் மாரட்டின் பெயரும், வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரும் தெருக்களில் இன்றும் இருக்கின்றன. பிளாக்பர்னுக்காக ஊர்க்காரர்கள் நட்ட விளக்குத்தூண் ஒரு பேருந்து நிறுத்தமாகவே ஆகிவிட்டது. ஓர் ஆட்சியரும் ஒரு மேஸ்திரியும் ஒரே ஊரில் நினைவாக நிற்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நகரமைப்பு மாநாட்டுக்கு வருகிற பொறியாளர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எந்த அரங்கத்திலும் கிடைக்காது. அவர்களை அந்தத் தெருவில் நடக்கவிடாமல் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

விளக்குத்தூண்வரை வந்தால் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின் அல்லது கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே பாலேடு கலந்த ஐஸ்கிரீம். இரவு சாப்பாட்டை விரித்து எழுதவேண்டியதில்லை. மதுரை என்றாலே தமிழ்நாட்டில் அதைத்தான் பேசுகிறார்கள். தோசைமேல் முட்டை, முட்டைமேல் கறிச்சுக்கா என்று அடுக்கிச் சுடுகிற கறிதோசை, நள்ளிரவிலும் ஆவி பறக்கிற இட்லி, கல்லில் தட்டுகிற கொத்துப் பரோட்டாவின் சத்தம். ஆனால் பருத்திப்பாலைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பால் பிழிந்து, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டுக் காய்ச்சுகிறார்கள். தள்ளுவண்டியில் மாலையில் வந்து நிற்கிற இதை எந்த மாநாட்டு விருந்திலும் நான் பார்த்ததில்லை. ஒரு வண்டிக்காரரை அரங்க வளாகத்துக்குள் அழைத்து, தேநீர் இடைவேளையில் நிறுத்தினால் அவருக்கும் வியாபாரம், வந்தவர்களுக்கும் புது ருசி. செலவும் விடுதித் தேநீரைவிடக் குறைவு.

இனி கடைக்கு வருவோம். மாநாட்டுக்கு வருகிற யாரும் வெறுங்கையோடு வீடு திரும்ப விரும்புவதில்லை. அவர்களோடு வருகிற மனைவியோ கணவரோ முதல் நாளிலிருந்தே “இங்கே என்ன வாங்கலாம்?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மதுரையின் பதில் சுங்குடி. ஆனால் சுங்குடி என்று பெரும்பாலான கடைகளில் விற்பது, மெழுகு அச்சிலோ திரையச்சிலோ புள்ளி வைத்த பருத்திச் சேலை. அதுவும் நல்ல சேலைதான், கோடைக்கு உடுத்த இதம், விலையும் குறைவு. அதை அச்சுச் சேலை என்று சொல்லி விற்கட்டும். முடிச்சுச் சுங்குடி வேறு. துணியை மடித்துக் குறி வைத்து, நகத்தால் சிறிது கிள்ளியெடுத்து, நூலால் இறுகச் சுற்றி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கியெடுப்பார்கள். உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நெருக்கமான வேலைப்பாடு என்றால் ஒரு சேலைக்கு வாரக்கணக்கில் கை ஓடும்.

இந்தக் கைவேலை சௌராஷ்டிரர்களுடையது. குஜராத்திலிருந்து கிளம்பி, விஜயநகரம் வழியாக நாயக்கர் காலத்தில் இங்கே வந்து குடியேறிய நெசவுச் சமூகம். தெற்கே மகாலைச் சுற்றியுள்ள சந்துகளில் இன்றும் அவர்கள் மொழி காதில் விழும். பாடகர் டி.எம். சௌந்தரராஜன் அந்தத் தெருக்களிலிருந்து வந்தவர். முடிச்சுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; சமையலும் பிள்ளைகளும் முடிந்த நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்து போடுவார்கள். 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்ததால் அந்தப் பெண்களின் கூலி உயர்ந்ததா என்று கேட்டால், அந்தத் தெருக்களில் யாரும் உடனே ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். அடுத்த தலைமுறைப் பெண்கள் துணிக்கடையிலும் மருத்துவமனையிலும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. கை ஓயுமுன் வேலைக்கு மதிப்புக் கிடைக்கவேண்டும் என்பதுதான் என் கவலை.

மாநாடுகள் இங்கே நிஜமாகவே உதவலாம். நல்ல சம்பளம் வாங்குகிற, கைவேலைக்கு உரிய விலை கொடுக்கத் தயங்காத சில நூறு பேர் ஒரே கூரையின்கீழ் மூன்று நாள் இருக்கிறார்கள். ஒரு நெசவாளருக்கு இப்படிப்பட்ட சந்தை வேறெங்கே அமையும்? அரங்கத்துக்கு வெளியே மருந்து நிறுவனங்களுக்கும் புத்தக நிறுவனங்களுக்கும் கொடுக்கிற இடத்தில் ஒரு மூலையை முடிச்சுப் போடும் பெண்களுக்குக் கொடுங்கள். வந்தவர்கள் கண்முன் முடிச்சுப் போடட்டும். ஒரு முடிச்சைத் தானே போட்டுப் பார்த்தவர் அதற்குப்பிறகு விலை பேசமாட்டார். அச்சுக்கும் முடிச்சுக்கும் உள்ள வித்தியாசத்தையும் அங்கேயே கற்றுக்கொள்வார்: முடிச்சுச் சேலையில் புள்ளிகள் சற்று முன்பின்னாக இருக்கும், கட்டியிருந்த இடத்தில் துணி சுருங்கி எழும்பி நிற்கும், முன்புறச் சாயம் பின்புறமும் அதே அழுத்தத்தில் இருக்கும். சில கடைகளில் முடிச்சை அவிழ்க்காமலே சேலையை வைத்திருப்பார்கள்; வாங்குகிறவர் இழுத்து அவிழ்த்துப் பார்க்கலாம்.

பேச்சாளர்களுக்குப் போடுகிற பொன்னாடையை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை. எங்கோ விசைத்தறியில் ஓடிய, சரிகை மினுக்குகிற அந்தத் துண்டை யாரும் வீட்டில் பயன்படுத்துவதில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பெயர் பொறித்துத் தருகிற நினைவுப் பரிசும் அப்படித்தான். அந்தப் பணத்தில் ஒரு சுங்குடித் துணி போர்த்தலாம். அல்லது விளாச்சேரிப் பொம்மை ஒன்று கொடுக்கலாம். திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கிற விளாச்சேரியில் குயவர் குடும்பங்கள் தலைமுறையாகக் களிமண் பொம்மை செய்கின்றன. நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை, கார்த்திகைக்கு விளக்கு, கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை. ஒரே கை பெருமாளையும் குழந்தை ஏசுவையும் செய்கிற ஊர். பருவம் தாண்டினால் அவர்களுக்கு வேலை குறைவு. மாநாட்டுக்கு மூன்று மாதம் முன்னதாகச் சொன்னால் இருநூறு பொம்மை அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. அந்த இடைக்காலத்தில் அது பெரிய வருமானம்.

பேருந்தை ஒரே கடை வாசலில் நிறுத்துகிற பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். விற்பனையில் அழைத்து வந்தவருக்கு ஒரு பங்கு போகிறது என்பது சுற்றுலாத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்தப் பங்கைக் கடைக்காரர் தன் கையிலிருந்து கொடுப்பதில்லை. விருந்தினரின் விலையில் ஏற்றுகிறார். வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் மாநாட்டுக் குழுவே நியாயமான கூலி பேசிக் கொடுத்துவிட்டால் இந்தத் தேவையே எழாது. பிறகு விருந்தினர் தன் விருப்பப்படி போகட்டும். நகை பார்க்க விரும்புகிறவர் தெற்கு ஆவணி மூல வீதிக்குப் போவார். கைத்தறி வேண்டுமென்றால் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, வெண்கலமும் மரச்சிற்பமும் வேண்டுமென்றால் பூம்புகார் கைவினைக் கடை இருக்கிறது. விலை எழுதி ஒட்டியிருக்கும், ஏமாற வழியில்லை.

புதுமண்டபத்துக் கடைகளைத் தேடி வருகிற பழைய ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம் அது. நாயக்க மன்னர்கள் வரிசையாகச் சிலையாக நிற்கிற தூண்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகத் தையல்காரர்களும் பாத்திரக்கடைகளும் புத்தகக்கடைகளும் இருந்தன. கள்ளழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர்களின் உடுப்பை அங்கேதான் தைத்துவந்தார்கள். கடைகளைப் பக்கத்திலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களைக் காப்பதற்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் கடைகள் நகர்ந்தபோது அவற்றைத் தேடி வருகிறவர்களும் குறைந்தார்கள். மாநாட்டுப் பையில் வைக்கிற வரைபடத்தில் குன்னத்தூர் சத்திரம் என்று ஒரு புள்ளி வைத்தால் அந்தத் தையல்காரர்களுக்கு நாம் செய்கிற கடமை ஓரளவு தீரும்.

விடியலைப் பற்றி இன்னும் பேசவில்லை. மாட்டுத்தாவணி மலர்ச் சந்தைக்கு ஏழு மணிக்குள் போகவேண்டும். உசிலம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைப் பக்கமிருந்து பொழுது விடியுமுன் பறித்த மல்லிகை மொட்டு மூட்டையில் வந்து கொட்டுகிறது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே மதுரை மல்லி. விலை ஒரே நாளில் ஏறி இறங்கும். மார்கழி, தையில் பனியால் வரத்துக் குறையும்போது கிலோ ஆயிரங்களைத் தொடும். வரத்துப் பெருகும் கோடையில் விவசாயிக்குப் பறிகூலி கட்டாத நாளும் உண்டு. பொருளாதாரப் பேராசிரியர்கள் அந்த ஏலத்தை ஒரு காலை நின்று பார்க்கவேண்டும். விமானத்தில் கொண்டுபோக வேண்டுமென்றால் பனிக்கட்டி வைத்துத் தெர்மாகோல் பெட்டியில் கட்டித் தருகிறார்கள். காலையில் வாங்கிய மொட்டு, விருந்தினர் தன் வீட்டுக் கதவைத் திறக்கிற மாலையில் விரியும்.

நாகமலைப் புதுக்கோட்டைக்கு அப்பால், பல்கலை நகரில் கூடுகிறவர்களுக்கு வேறு யோசனை. காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வருகிற அறிஞர்களைப் பேருந்தில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவருகிறோம். பக்கத்திலேயே கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக் குளம், கரையில் அய்யனார் கோயில், மேலே பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக, கீழே வட்டெழுத்து. ஆறு மணிக்கு ஏறத் தொடங்கினால் எட்டு மணிக்குக் காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அரை நாள் கூடுதலாக இருக்கிறவர்கள் கீழடிக்குப் போகட்டும். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில் உறைகிணறும் எழுத்துப் பொறித்த பானையோடும் இருக்கின்றன. எனக்குப் பிடித்தவை அங்கே கிடைத்த பகடைகளும் ஆட்டக் காய்களும். வைகைக் கரையில் வேலை முடிந்து பொழுதுபோக்கிய மனிதர்கள் அவ்வளவு காலத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள்.

பிற்பகலே வேண்டும், வேறு வழியில்லை என்கிற குழுக்களுக்கும் இடம் இருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலின் உயர்ந்த தூண்களுக்கு நடுவே நிழல் உண்டு. 1636-ல் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் என்று சொல்லிக் காட்டினால் மீதியை மனம் கட்டிக்கொள்ளும். தமுக்கம் மைதானத்துக்குப் பக்கத்தில், ராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த காந்தி நினைவு அருங்காட்சியகம். 1959-ல் நேரு திறந்துவைத்தது. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 காலை அவர் மேலமாசி வீதி வீட்டிலிருந்து முதன்முதலாக அரையாடையோடு வெளியே வந்ததும் இதே ஊரில்தான். அந்த வீட்டையும் இந்தத் துணியையும் ஒரே பிற்பகலில் பார்க்க முடிகிற ஊர் உலகத்தில் இது ஒன்றுதான். வெளிநாட்டு விருந்தினர்களிடம் இதைச் சொல்லாமல் விடுகிறோமே என்பது என் தீராத ஆதங்கம்.

ஏற்பாட்டாளர்களின் சிரமம் எனக்குத் தெரியாததில்லை. இரவில் விட்டால் மறுநாள் ஒன்பது மணி அமர்வுக்கு ஆள் வரமாட்டார்கள் என்பார்கள். பத்து மணிக்குத் தொடங்குங்கள். பகல் இரண்டிலிருந்து ஐந்துவரை, வெயில் நேரத்தில், குளிர்ந்த அரங்கத்தில் ஆய்வுரைகளை வையுங்கள். மருத்துவ மாநாடுகளுக்கு மருத்துவ கவுன்சில் புள்ளிகளுக்காக மணிக்கணக்கு காட்டவேண்டும்; மணிகள் குறையவில்லையே, இடம்தானே மாறுகிறது. இரவில் விருந்தினர் பாதுகாப்பு என்று கேட்பார்கள். மாசி வீதிகளில் இரவு பதினொரு மணிக்கும் குடும்பத்தோடு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு பேருக்கு ஓர் உள்ளூர் மாணவர் என்று துணைக்கு அனுப்புங்கள். கல்லூரிகளில் வரலாறும் சுற்றுலாவும் படிக்கிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

மாநகராட்சியிடமும் கேட்கவேண்டியவை உண்டு. தமுக்கத்தில் மாநாட்டு மையம் கட்டியாயிற்று. உலகத் தமிழ்ச் சங்கத்துக்கு அரங்கம் இருக்கிறது. 1981-ல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்ததும் இந்த ஊரில்தான். கூடுவதற்கு இடம் இருக்கிறது. கூடியவர்கள் வெளியே வந்து நடப்பதற்குத்தான் வசதியில்லை. தமுக்கத்திலிருந்து கோயில் மூன்று கிலோமீட்டர். கோரிப்பாளையம் தாண்டி, 1889-ல் கட்டிய ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் வைகையைக் கடந்து போகிற அருமையான வழி. நடைபாதை தொடர்ச்சியாக இல்லை. இருக்கிற இடத்தில் இருசக்கர வாகனம் நிற்கிறது. மாசி வீதிகளில் பெண்கள் நம்பிப் போகக்கூடிய கழிப்பறை விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் உண்டு. ஊரைச் சுற்றிக்காட்ட நினைக்கிற யாருக்கும் இதுதான் முதல் தடை. அடுத்த திட்டத்துக்கு முன்னால் இதைச் செய்யவேண்டும். கழிப்பறை இருந்தால் அறுபது வயதுக்கு மேற்பட்ட விருந்தினர் மூன்று மணி நேரம் வெளியே இருப்பார். இல்லையென்றால் பேருந்தை விட்டு இறங்கவே யோசிப்பார். உள்ளூர்ப் பெண்களுக்கும் அதே கதிதான். அவர்களுக்காகவே முதலில் கட்டவேண்டும்.

1976-ல் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்க்க உலகெங்குமிருந்து மருத்துவர்கள் இந்த ஊருக்கு வருகிறார்கள். தமிழுக்காக வருகிறவர்கள் உண்டு, கீழடிக்காக வருகிறவர்கள் உண்டு. மாநாட்டுப் பருவம் மார்கழியிலும் தையிலும்தான் உச்சத்துக்கு வரும். இரவு நடைக்கு மதுரையில் அதைவிட இதமான காலம் கிடையாது. அந்த மாதங்களுக்கான அழைப்பிதழ்கள் ஆவணி, புரட்டாசியிலேயே அச்சுக்குப் போய்விடும். இரண்டாம் நாள் பிற்பகலில் உள்ள அந்த வரியை மாலை ஐந்தரைக்கு நகர்த்துவதற்கும், விளாச்சேரிக்கும் மகால் சந்துகளுக்கும் ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வருவதற்கும் இப்போது நேரமிருக்கிறது.